காப்பு கட்டிய வாரத்து ஜுரம்

ஜுரத்தை மறைத்தவள் நான். உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி, வீட்டுக்கு அனுப்பியிருந்தால், இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் என்னைவிட விவரம் தெரிந்தவர்களாக இருக்கலாம். இருந்தாலும் காட்டுங்கள். பயமும் வீம்பும் ஒன்றாகச் சேர்ந்தால் விவரம் வேலை செய்யாது.

என் பெயர் கன்னியம்மாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே இறங்கினால் எங்கள் தெரு. சின்ன வயதில் நடவு, களை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல். இரவுப் பள்ளி நடந்த காலத்தில் கையெழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்டேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். கால், கொம்பு விட்டுப்போன இடத்தில் மருமகள் எஸ்தர் போட்டுத் தருகிறாள். என்ன எழுத வேண்டும் என்பதில் அவள் தலையிடுவதில்லை. நான் விடுவதும் இல்லை.

சுனாமி வந்ததற்கு மறு வருஷம் தையில் ஆரம்பித்தது. முதலில் அசதி. பெரிய அண்டாவை ஒரு கையால் சாய்க்கிறவள், அரைக் குடம் தண்ணீருக்கு மூச்சு வாங்கினேன். இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி ஒன்று கனத்தது. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு அடைத்துக்கொள்ளும். வயதாகிறது என்று நினைத்தேன். அடுத்த வீட்டு பாக்கியம், "இன்னா கன்னிமா, இந்த வயசுல முழுகாம கீறியா?" என்று கேட்டுவிட்டுத் தெருவே சிரிக்கும்படி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை தானாக விலாவுக்குப் போய்விடும்.

வைகாசியில் காலில் ஒரு சின்ன முள் குத்திய இடம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. என் மகன் ராஜேந்திரன் அணுமின் நிலையத்து குவார்ட்டர்ஸ் பக்கம் காண்டிராக்டில் பிட்டர் வேலை பார்க்கிறான். அவன்தான் செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டர், "மண்ணீரல் வீங்கியிருக்கு" என்றார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாளும் எடுத்தார்கள். மூன்றாம் நாள் வேறு ஒரு கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள்.

அந்த வாசலில் ஒரு பலகை இருந்தது. ராஜேந்திரன் சட்டென்று அதற்கு முன்னால் போய் நின்று, "எம்மா, அந்தாண்ட பெஞ்சு காலியா கீது, குந்து" என்றான். அவன் ஒல்லி, பலகை அகலம். இரண்டு பக்கமும் எழுத்து தெரிந்தது. ஒரு பக்கம் "பு", "ற்". மறு பக்கம் "ய்ப் பிரிவு". நடுவில் இருந்ததை அவன் முதுகு மறைத்தது. மறைத்து என்ன பயன்? எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும் என்பதை அவன் மறந்துவிட்டான். நானும் தெரியாத மாதிரியே போய் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் மறைக்கிற பழக்கம் என்னோடு ஆரம்பிக்கவில்லை.

அந்த பெஞ்சில் உட்கார்ந்த நாட்களை என்னால் எண்ணிச் சொல்ல முடியாது. டோக்கன் வாங்கினால் காலை போய்ப் பகல் வரும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது எல்லோரும் நிமிர்வார்கள். தன் பெயர் இல்லை என்றால் பாதி ஆறுதல், பாதி ஏமாற்றம். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது முகத்தைப் பார்ப்போம். யாரும் யாரிடமும் கேட்கமாட்டோம்.

நோய் இன்னது என்று எனக்குச் சொன்னவள் டாக்டர் சுகந்தி. சின்ன வயது, கண்ணாடி. சென்னையிலிருந்து எலக்ட்ரிக் ரயிலில் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறவள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் பிறக்கிறதாம். அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பு எலும்பில் ஊசியை இறக்கினாள். உறிஞ்சினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் உறிஞ்சினாள். என் உயிரே அந்தப் பக்கமாக இழுபட்டதே தவிர, ஒரு சொட்டு வரவில்லை.

"என்னாம்மா, உள்ள ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. இறுகிப் போயிருக்கு. அதுவே ஒரு அடையாளம்தான்" என்றாள். பிறகு தடித்த ஊசியால் எலும்பிலிருந்தே ஈர்க்குச்சி போல ஒரு துண்டு எடுத்தாள். நான் கத்தவில்லை. எஸ்தர் கையைப் பிடித்திருந்தேன். மறுநாள் பார்த்தால் அவள் கையில் என் நகம் பதிந்த நாலு பிறை.

எஸ்தர் படாளத்துப் பெண். அவள் வீட்டார் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ராஜேந்திரன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். மூன்று வருஷமாக அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ பொண்ணு" என்பேன். அவள் "அத்தே" என்பாள். சண்டை இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. ஹேரி செல் லுக்கீமியா. ரத்தப் புற்றுநோயில் அபூர்வமான ஒரு வகை. கெட்டுப்போன வெள்ளை அணுக்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சுற்றிலும் முடி முளைத்த மாதிரி இருக்குமாம். அவை மண்ணீரலிலும் மஜ்ஜையிலும் குடியேறி, நல்ல அணுக்களுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும். "இதுக்கு நல்ல மருந்து இருக்கு. அஞ்சு நாள் ஏத்துவோம். நிறைய பேருக்கு வருஷக்கணக்கா அடங்கிடும்" என்றாள் சுகந்தி. அஞ்சு நாள் என்றதும் ராஜேந்திரன் முகம் தெளிந்தது. அடுத்து அவள் சொன்னதை அவன் சரியாகக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "மருந்து ஏத்தின பிறகு வர்ற சில வாரம்தான் ஆபத்து. அப்போ உடம்புல காவலே இருக்காது."

அன்றைக்கு இன்னும் இரண்டு குழாய் ரத்தம் கேட்டாள். வைத்தியத்துக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்று ஒரு தாளை நீட்டினாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் மை டப்பாவைத் திறந்தாள். "மையை மூடும்மா, எனக்குக் கையெழுத்து வரும்" என்றேன். "ஆனா எதுக்குன்னு தெரியாம போடமாட்டேன்."

சுகந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க சத்துணவுல சமைச்சவங்கதானே? அரிசியில கல்லு இருந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கையாலதான். கண்ணு ஏமாறும், வெரலு ஏமாறாது."

"எந்த ஊர்க் கல்லு, என்ன கல்லுன்னு தெரியணுமா?"

"கல்லுன்னு தெரிஞ்சா போதாதா?"

"அவ்வளவுதாம்மா. நம்ம ரத்தத்துல காவல் அணுக்கள் இருக்கு. அதுங்க மேல விரல் மாதிரி சிலது இருக்கு. ரிசப்டர்னு சொல்லுவோம். கிருமி மேல மட்டும் இருக்கிற சொரசொரப்பை அது தொட்டுக் கண்டுபிடிக்கும். எந்தக் கிருமின்னு பேர் தெரிய வேண்டாம். கிருமின்னு தெரிஞ்சா போதும். இது ஊசி போட்டோ, நோய் வந்தோ கத்துக்கிட்டது இல்ல. பிறக்கும்போதே கூட வந்தது."

"தொட்டுட்டு இன்னா பண்ணும்?"

"கத்தும். அந்தச் சத்தம் மூளைக்குப் போனா உடம்பு சூடாகும். அதுதான் ஜுரம்."

ஜுரம் என்பது நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது காவல்காரன் போடுகிற கூச்சல் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். கேட்டும் புத்தியில் நிற்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

"அதுக்கும் என் நோவுக்கும் இன்னா சம்பந்தம்?"

"சில ரத்தப் புற்றுநோய்ல, கல்லே இல்லாம விரல் கல்லு, கல்லுன்னு கத்திக்கிட்டே இருக்கோன்னு ஒரு சந்தேகம். அந்தக் கூச்சலைக் கேட்டுக் கெட்ட அணுக்கள் இன்னும் பெருகலாம். உங்க நோய்ல எப்படின்னு எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் ரத்தம் கேக்கறேன். இதனால உங்களுக்கு இப்போ ஒரு லாபமும் இல்ல, அதையும் சொல்லிடறேன்."

லாபம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்காகவே கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

மருந்துக்கான பணத்தைப் பற்றி எழுதினால் இந்த நோட்டு போதாது. விட்டுவிடுகிறேன். அந்த மருந்து சூடு படக் கூடாது என்பதால், ராஜேந்திரன் சென்னையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, எலக்ட்ரிக் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் இருந்தவர் டீயா என்று கேட்டாராம். "இல்ல சார், எங்கம்மா" என்று சொல்லிவிட்டானாம். சொல்லிவிட்டு அவனே திகைத்துப் போயிருக்கிறான். இதை எஸ்தர்தான் என்னிடம் சொன்னாள்.

ஐந்து நாளும் இரண்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. முடியும் கொட்டவில்லை, வாந்தியும் இல்லை. ஒன்றும் ஆகாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது சுகந்தி ஒரு நாற்பது பக்க நோட்டும், நுனியில் பீப் என்று கத்துகிற தெர்மாமீட்டரும் கொடுத்தாள்.

"உங்க ரத்தத்துல விரல் வெச்ச அணுக்கள் இப்போ ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. அது கத்தினா நாம கேட்டே ஆகணும். காலையில சாயந்திரம் நாக்குக்கு அடியில வெச்சு, வர்ற எண்ணை நோட்டுல எழுதுங்க. நூறு புள்ளி நாலு வந்தா, எந்த நேரமா இருந்தாலும் போன் பண்ணிட்டுக் கிளம்பிடணும். ஜுர மாத்திரை மட்டும் நீங்களா போடக் கூடாது. கூட்டத்துக்குப் போகக் கூடாது. புளிச்சது, ஆறினது சாப்பிடக் கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

இப்போது ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு மாரியம்மனுக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவோம். முப்பது வருஷமாக அந்த அண்டாவில் துடுப்பு போட்டுக் கூழைக் கிளறியது நான்தான். துடுப்பு போடுகிறவள் செவ்வாய்க்கிழமையே காப்பு கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் முடிந்து மணிக்கட்டில் பூசாரி கட்டுவார். கட்டினால், ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றி அதை அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை, சாலையோரத்து மதகு. தாண்டினால் தாண்டினவளுக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே ஆகாது என்பார்கள். நானும் அதை நம்புகிறவள்தான்.

பூசாரி தணிகாசலம் வாசலில் நின்று, "ஒடம்பு சரியில்லன்னா இந்த வருசம் பாக்கியத்துக் கையில குடுத்துடலாமாக்கா?" என்று கேட்டார். பாக்கியம் அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அவளைப் பார்த்தேன். கையை நீட்டிவிட்டேன்.

எஸ்தர் உள்ளேயிருந்து வந்து, "அத்தே, டாக்டரம்மா கூட்டத்துல—" என்று ஆரம்பித்தாள்.

"கூட்டத்துல எவ போறா? ஓரமா நின்னு துடுப்பு போடப் போறேன். உன் வேலைய பாரு பொண்ணு."

வியாழக்கிழமை காலையில் முதுகுத்தண்டில் சில்லென்று ஒரு கோடு ஓடியது. உள்ளங்கை சுட்டது. தெர்மாமீட்டர் அலமாரியில் இருந்தது. அதைத் தொடவில்லை. வைத்தால் எண் வரும். எண் வந்தால் போக வேண்டும். மணிக்கட்டில் காப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தானே என்று கணக்குப் போட்டேன். பெட்டிக்கடையில் எப்போதோ வாங்கி அரிசிப் பானையில் போட்டிருந்த ஜுர மாத்திரை அட்டை இருந்தது. ஒன்று போட்டேன். அரை மணியில் வேர்த்துக் கொட்டி உடம்பு குளிர்ந்தது. நோட்டை எடுத்து 98.4 என்று எழுதினேன். சாயந்திரம் மறுபடி. வெள்ளிக்கிழமை மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் எண்ணை அழகாக எழுதினேன். எட்டுக்கு இரண்டு வட்டமும் சரியாக வந்தது.

பயம் இல்லாமல் இல்லை. மாத்திரை இறங்கியதும் பயமும் இறங்கும். நாலு மணி நேரத்தில் இரண்டும் ஒன்றாக ஏறும். அரிசிப் பானைக்குள் கை விடும்போதெல்லாம், அம்மா, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்கு என்று வேண்டிக்கொள்வேன். அம்மனைச் சொன்னேனா, என் உடம்பைச் சொன்னேனா, தெரியாது.

சனிக்கிழமை விடிந்ததும் எஸ்தர் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு உள்ளே வந்தாள். என் ரவிக்கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அத்தே, இத்த இன்னும் தண்ணில போடவே இல்ல. புழிஞ்சா தண்ணி வருது. நேத்தும் ரெண்டு இப்பிடித்தான். இன்னா நடக்குது?"

"புழுக்கம்."

"கடக் காத்து அடிச்சிகினு கீது, புழுக்கமாம்." அவள் கையைத் துடைத்துவிட்டு என் கழுத்தில் வைத்தாள். மூன்று வருஷத்தில் கேட்காமல் என்னை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. வைத்த கையை எடுக்கவில்லை. "ஐயோ, அத்தே!" என்றாள்.

அந்த நேரத்துக்கு மாத்திரையும் கைவிட்டுவிட்டது. பல் கிட்டித்து, கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். தெர்மாமீட்டரை என் வாயில் வைத்து, தாடையை அவளே மூடிப் பிடித்தாள். நூற்று மூன்று. நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்த ராஜேந்திரன் போனில் சுகந்தியைப் பிடித்தான். போனை மீறி அவள் குரல் எனக்கே கேட்டது. "எதையும் எடுத்து வெச்சிக்கிட்டு நிக்காதீங்க. இப்பவே கிளம்புங்க. நான் வார்டுக்குச் சொல்லிடறேன்."

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு ஒரு நாள்டா. கூழ ஊத்திட்டு வந்துடறேன். எல்லையத் தாண்ட மாட்டேன்."

"எம்மா, செத்துடுவம்மா!" ராஜேந்திரன் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"சாவறேன். தெருவுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

எஸ்தர் வெளியே ஓடினாள். தணிகாசலத்தைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். வாசலில் தெரு கூடிவிட்டது.

"பூசாரிண்ணா, காப்ப வேற கையில மாத்திக் கட்டலாமா?"

"மாத்தலாம். தீட்டு, சாவுன்னு வந்தா மாத்தி கட்டியிருக்கோம். அதே வூட்டு ஆளா இருக்கணும்."

"அப்ப என் கையில கட்டுங்க."

"வேதக்காரி கையில காப்பா?" என்றாள் பாக்கியம்.

எஸ்தர் திரும்பினாள். "ரெண்டு மாசமா அத்தைக்கு சோறு ஊட்டினதும் இந்தக் கைதான் பாக்கியக்கா. அப்ப இது வேதக்காரி கையின்னு தெரியலியா உனக்கு?"

தணிகாசலம் எஸ்தரிடம் திரும்பினார். "கட்டிகினா நீ எல்லையத் தாண்ட முடியாது. ஆஸ்பத்திரிக்கு நீ போவக் கூடாது. தெரியுமில்ல?" என்றார்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு மாதமாக ஒரு நாள்கூட என்னை ஆஸ்பத்திரியில் தனியாக விட்டதில்லை அவள். என்னைப் பார்த்தாள். "தெரியும். கட்டுங்க" என்றாள்.

நூலை என் கையிலிருந்து அவிழ்த்தபோது மறுக்க எனக்குத் தெம்பில்லை. ராஜேந்திரன் என்னைத் தூக்கிப் பக்கத்து ஊர் ஆம்னி வேனில் போட்டான். பெண் துணை வேண்டுமே என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேன் கதவைத் திறந்து உள்ளே ஏறி என் தலையை மடியில் வைத்துக்கொண்டது பாக்கியம். மதகு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டியது வரைதான் நினைவு.

செங்கல்பட்டில் போன உடனே இரண்டு கையிலும் ரத்தம் எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்கப் புட்டியில் ஊற்றி அனுப்பினார்கள். முடிவு வரக் காத்திருக்காமல் மருந்தை ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனதாம். மத்தியானத்துக்கு மேல்தான் கண் தெளிந்தது. சுகந்தி கட்டில் ஓரமாக நின்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"வியாழக்கிழமை தொண்ணூத்தி எட்டு புள்ளி நாலு. வெள்ளிக்கிழமையும் அதே. தெர்மாமீட்டர் வெச்சீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினாள். "கல்லு இருக்குன்னு விரல் சொல்லியிருக்கு. இருந்ததே நாலு விரல், அந்த நாலும் உயிரைக் கொடுத்துச் சொல்லியிருக்கு. நீங்க அதை மரத்துப்போக வெச்சிட்டு, கல்லு இல்லன்னு எழுதியிருக்கீங்க. மாத்திரை கிருமியைக் கொல்லாதும்மா. சத்தத்தைத்தான் நிறுத்தும். ரெண்டு நாள் அது நிம்மதியாப் பெருகியிருக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் என் சாதத்தில் ஒரு பிள்ளை கல்லைக் கடித்ததில்லை.

"பொழைப்பேனா?" என்று கேட்டேன். நோய் வந்ததிலிருந்து யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

"ரெண்டு நாள் போகட்டும்" என்றாள்.

அந்த இரண்டு நாள் எப்படிப் போனது என்று பாக்கியத்தைத்தான் கேட்க வேண்டும். அவள் வாய் மூடவில்லை. "முப்பது வருசமா அந்தத் துடுப்புக்குக் காத்துகினு இருந்தேன். கடைசில அது உன் மருமவ கைக்குப் போச்சு. நான் உன் மூத்திரச் சட்டியத் தூக்கிகினு கெடக்கறேன். எழுந்து வாடி, உன்ன வெச்சிக்கறேன்" என்பாள். சொல்லிக்கொண்டே என் உதட்டை ஈரத் துணியால் ஒற்றுவாள். ஞாயிறு பதினோரு மணிக்கு, "இந்நேரம் அண்டாவ எறக்கியிருப்பாங்க" என்றாள். ஜுரம் அப்போதும் நூற்று இரண்டு.

திங்கட்கிழமை காலை எஸ்தர் வந்தாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. மஞ்சள் கறை மட்டும். உள்ளங்கை இரண்டிலும் துடுப்பு பிடித்த கொப்புளம். கையில் ஒரு சின்னத் தூக்கு. "கூழா? புளிச்சது, கூடாது" என்று நர்ஸ் தடுத்துவிட்டாள். மூடியைத் திறந்து வாசனை மட்டும் காட்டச் சொன்னேன். பாக்கியம் அதை வாங்கி அங்கேயே ஒரே மூச்சில் குடித்தாள்.

"அடி புடிச்சிருக்குது" என்றாள்.

"தெருவே குடிச்சுது, யாரும் சொல்லலியே?" என்றாள் எஸ்தர்.

"எவனுக்கு நாக்கு கீது?"

"நீ காப்பு கட்டினது உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று எஸ்தரைக் கேட்டேன்.

"தெரிஞ்சு போச்சு. போன்ல, இனிமே படாளத்துப் பக்கம் வராதன்னுச்சு." சொல்லிவிட்டு என் போர்வையைச் சரி செய்தாள். அந்த அம்மாள் மகளோடு பேச நாலு மாதம் ஆயிற்று.

நான் அவள் கொப்புளத்தைத் தொட்டேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. "எஸ்தரு, எண்ண தடவு. தண்ணி படாம பாத்துக்கோ" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

புட்டியில் வளர்ந்தது குடலிலிருந்து ரத்தத்துக்குப் போன கிருமி என்றார்கள். அதற்கேற்றபடி மருந்தை மாற்றினார்கள். ஆறாம் நாள் ஜுரம் விட்டது. விட்ட பிறகும் எனக்கு நம்பிக்கை இல்லை. பீப் சத்தம் வந்தால் எண்ணை இரண்டு தடவை படிப்பேன். இரண்டு வாரம் கழித்துக் காவல் அணுக்கள் ஏற ஆரம்பித்தன. மூன்று மாதம் கழித்து மறுபடி மஜ்ஜை எடுத்தார்கள். இந்த முறை ஊசியில் ரத்தம் வந்தது. முடி முளைத்த அணு கண்ணில் படவில்லை என்றாள் சுகந்தி. குணம் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அடங்கியிருக்கிறது என்றாள். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த பெஞ்சில் போய் உட்காருகிறேன். என்னுடைய இரண்டு குழாய் ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். "உங்க ஒருத்தர் ரத்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள். தேடட்டும்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு, நோட்டில் பொய் எண் எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போடப் போனேன். எஸ்தர் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "கிழிக்கக் கூடாதாம். அடிச்சிட்டுப் பக்கத்துல உள்ளத எழுதணுமாம், டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள். உள்ளது என்ன? அந்த நாட்களின் எண் யாருக்கும் தெரியாது. எல்லா 98.4 மேலும் கோடு போட்டேன். பக்கத்தில் எழுத்துக்கூட்டி, "பார்க்கவில்லை. மறைத்தேன்" என்று எழுதினேன். அதே நோட்டில் மீதி இருந்த தாள்களில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறு வருஷம் ஆடியில் தணிகாசலம் மஞ்சள் நூலோடு வாசலுக்கு வந்தார். கூட்டத்துக்குப் போகலாம் என்று சுகந்தி அனுமதி கொடுத்திருந்தாள். பாக்கியம் பின்னாலேயே நின்றாள். எஸ்தர் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து என் நாக்குக்கு அடியில் வைத்தாள்.

"நல்ல நேரம் முடியப் போவுதுக்கா, கைய நீட்டு" என்றார் பூசாரி.

வாய் மூடியிருந்ததால் என்னால் பேச முடியவில்லை. விரலைத் தூக்கி, இரு என்று காட்டினேன். தெரு முழுக்க நின்றது. அம்மனும் நின்றிருப்பாள். பீப் என்று கேட்டதும் எடுத்து எண்ணை நானே படித்தேன். நோட்டை வாங்கி எழுதினேன். எஸ்தர் எட்டிப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

அதற்குப் பிறகுதான் கையை நீட்டினேன்.